காபிக்கொட்டையில் பூஞ்சை: கவனிக்க வேண்டியவை

சரியாகக் காயாத காபிக்கொட்டையில் ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சை பிடித்தால் ‘ஓக்ராடாக்சின் ஏ’ என்ற நச்சு உண்டாகலாம். சிறுநீரகத்துக்கு ஆகாத பொருள் இது. கொட்டையில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் அடியோடு போக்க வீட்டில் வழியில்லை. அதனால் வாங்கும்போதே கவனம் தேவை.

1. கொட்டையைப் பதப்படுத்திய விதத்தைக் கடையில் கேளுங்கள். ‘பிளான்டேஷன்’ என்றால் பழத்தோலை உரித்து, கழுவிக் காயவைத்தது. ‘செர்ரி’ என்றால் முழுப் பழமாகவே காயவைத்து, பிறகு உடைத்தது. இனிப்புச் சதை சுற்றியிருப்பதால் செர்ரி காய நாளாகும். இடையில் மழையோ பனியோ பட்டால் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். அதற்காகச் செர்ரியை ஒதுக்க வேண்டியதில்லை. பக்குவமாகக் காய்ந்த செர்ரி, அரைகுறையாகக் காய்ந்த பிளான்டேஷனைவிட மேல்.

2. ஏற்காடு, தாண்டிக்குடிப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் நாலு காபிச் செடி வைத்திருப்பவர்கள், பறித்த பழத்தைச் சாக்கில் கட்டி வைக்காதீர்கள். வெறும் மண்ணில் கொட்டாமல், சிமென்ட் களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லியதாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிடுங்கள். பொழுது சாய்ந்ததும் குவித்து மூடிவிட வேண்டும். பனி இறங்கினால் காய்ந்த பழமும் நமுத்துவிடும். ஒரு கைப்பிடி எடுத்துக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே கொட்டை கலகலவென்று ஆடினால் காய்ந்துவிட்டது. ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது.

3. பச்சைக்கொட்டை வாங்கி வீட்டில் வறுப்பவர்கள் முதலில் முறத்தில் கொட்டிப் பொறுக்குங்கள். கறுத்தது, பூச்சி துளைத்தது, உடைந்தது, வெள்ளை பூத்தது எல்லாவற்றையும் எறியுங்கள். நச்சு எல்லாக் கொட்டையிலும் ஒரே அளவில் இருக்காது. கெட்டுப்போன சிலவற்றில்தான் மிகுதியாக இருக்கும். தோல், உமி ஒட்டியிருந்தால் புடைத்துவிடுங்கள். நச்சு அதிகம் சேர்வது அவற்றில்தான். மக்கல் வாடை அடித்தால் மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. வறுக்கும்போது நச்சு கணிசமாகக் குறையும். இளவறுப்பைவிடக் கரும்பழுப்பாக வறுத்தால் இன்னும் குறையும். ஆனால் முழுதாகப் போகாது. கெட்ட கொட்டையைத் தீய வறுத்தால் வாடைதான் மறையும்.

5. கொதிநீருக்கும் இது அழியாது, டிகாஷனோடு இறங்கிவிடும். ஃபில்டர் தடுக்காது, பாலும் முறிக்காது.

6. தூள் டப்பாவில் ஈரக் கரண்டி படக்கூடாது. ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால், குளிர்ச்சி விட்ட பிறகே திறங்கள். கட்டி தட்டி வாடை மாறிய தூளைக் கொட்டிவிடுங்கள்.

7. மலிவான இன்ஸ்டன்ட் தூளில் காபி உமி கலப்படம் இருக்கலாம். முகவரியும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் ஒரு கிலோ வறுத்த காபியில் 3 மைக்ரோகிராம், இன்ஸ்டன்டில் 5 மைக்ரோகிராம் வரைதான் இந்த நச்சை அனுமதிக்கிறது.

8. கூடியவரை கொட்டையைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்து, கண்ணெதிரே அரைத்து வாங்குங்கள்.