கூட்டமா படிச்சா வாசிப்பு வருமா?



நம்ம பிள்ளை மூணாம் வகுப்பு. பாடத்தை மடமடன்னு ஒப்பிக்குது. வாசிக்கத் தெரியும்னு நம்பிட்டு இருக்கோம். ஒரு நாள் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, நடுவுல ஒரு வார்த்தை மேல விரல் வைத்து, "இது என்ன?"ன்னு கேட்டுப் பாருங்க. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல வண்டி போர்டைக் காட்டிக் கேளுங்க. நிலக்கோட்டையா வத்தலக்குண்டான்னு கண்டக்டர் கத்துறதைக் கேட்டுத்தான் சொல்லுதுன்னா, அது மனப்பாடம்தான்.

நாற்பது பிள்ளைகள் சேர்ந்து சத்தமாகப் படிக்கும்போது வாசிக்கத் தெரியாத பிள்ளை அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அரசுப் பள்ளிகளில் 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று திறன் பார்த்துப் பிரித்தார்கள். 2023-ல் வந்த வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளில் சிறு புத்தகங்கள் போட்டார்கள்.

இதை நம் தெருவிலேயே செய்யலாம். ஒரே அளவு வாசிக்கிற நாலைந்து பிள்ளைகள், ஒரு பாய், இருபது நிமிஷம் போதும். முதலில் படத்தைப் பார்த்துக் கதை பேசுங்க. பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத்தானே மெதுவாக வாசிக்கட்டும். நாம் ஒருத்தர் பக்கத்தில் குனிந்து கேட்டுவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போகணும். தடுக்கினால் உடனே சொல்லிக் கொடுக்காதீங்க. வாய் துறுதுறுக்கத்தான் செய்யும், பொறுங்க. "முதல் எழுத்து என்ன?"ன்னு கேளுங்க. கண்டுபிடித்ததும் அந்த வரியை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லுங்க. பத்து வார்த்தைக்கு ஒன்றுக்கு மேல் தடுக்கினால் புத்தகம் கடினம், மாத்திக் கொடுங்க. முடிந்ததும் கதையைக் கேளுங்க. எழுத்தைக் கூட்டிவிட்டு அர்த்தம் தெரியாமல் இருந்தால் பிரயோஜனம் இல்லை.

நம் எழுத்தில் ஒரு சங்கடம் உண்டு. தேங்காய் என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கும், ஆனால் சத்தம் 'த'வுக்குப் பின்னால்தான் வரும். இடமிருந்து வலமாகப் போகிற பிள்ளை அங்கே திகைக்கிறது நியாயம்தானே. அடிக்கவோ திட்டவோ வேண்டாம்.

கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த உறுப்பினர்களும் அதே பாயில் உட்காரலாம், வெட்கம் எதற்கு? அவர்களுக்குக் கதைப் புத்தகம் வேண்டாம். எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிய, தீர்மான நோட்டில் வருகிற சேமிப்பு, கடன், வட்டி, தவணை இந்த நாலில் ஆரம்பிக்கட்டும். முதல் வார்த்தையிலேயே இரட்டைக்கொம்பு வருது, பார்த்துக்கிடுங்க.