அழுக்குச் சட்டையும் 2 கோடி டாலரும்

2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு பழைய சட்டை ஏலத்துக்கு வந்தது. சாம்பல் நிறம், மார்பில் ‘நியூயார்க்’ என்ற எழுத்து. 1932 பேஸ்பால் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில், சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் நியூயார்க் அணியின் பேப் ரூத் போட்டிருந்தது. எதிரணியினர் கேலி செய்ய, ரூத் கையை நீட்டிக் காட்டிவிட்டு அடுத்த பந்தை ஹோம் ரன்னாக (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார் என்பது கதை. ‘அங்கே அடிக்கப்போகிறேன்’ என்று காட்டினாரா, கேலி செய்தவர்களைப் பார்த்து விரலாட்டினாரா என்று அமெரிக்கர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். சண்டை தீராதது சட்டைக்கு லாபம். போன விலை 2 கோடியே 41 லட்சத்து 20 ஆயிரம் டாலர்.

இதே சட்டை 2005-இல் 9 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குத்தான் போயிருந்தது. பத்தொன்பது வருஷத்தில் 25 மடங்கு! இந்தக் கணக்கைக் கேட்டவர்கள், பேஸ்பால் வீரர்கள் ஆடிப் புழங்கிய எதை வாங்கிப் போட்டாலும் புறவழிச்சாலை ஓரத்து மனை மாதிரி ஏறும் என்று நினைக்கிறார்கள்.

நம்பிக்கை: சாதனைப் பொருளின் விலை இறங்காது

டாட் மெக்ஃபார்லனைக் கேட்டுப் பாருங்கள். ‘ஸ்பான்’ காமிக்ஸை உருவாக்கியவர். 1998-இல் மார்க் மக்குவயர் ஒரே பருவத்தில் 70 ஹோம் ரன் அடித்து ஊரையே உலுக்கினார். அந்த எழுபதாவது பந்தை மெக்ஃபார்லன் மறு வருஷம் ஏலத்தில் கமிஷனோடு சுமார் 30 லட்சம் டாலருக்கு எடுத்தார். 2001-இல் பாரி பாண்ட்ஸ் 73 அடித்தார். சாதனை போயிற்று. பிறகு ஊக்கமருந்து விவகாரம் வெடித்தது. 2010-இல் மக்குவயர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார்.

பாண்ட்ஸின் 73-ஆவது பந்தையும் 2003-இல் மெக்ஃபார்லனே வாங்கினார், கமிஷனோடு 5 லட்சத்துச் சொச்சத்துக்கு. பெரிய சாதனை, ஆறில் ஒரு பங்கு விலை. நிலத்தை வாங்கினால் அதில் பயிர் வைத்த ஆள் பின்னால் என்ன செய்தாலும் நிலம் நிலம்தான். இங்கே வீரரின் நடத்தையும் சேர்ந்தே உங்கள் அலமாரிக்கு வந்துவிடுகிறது.

ஊக்கமருந்துப் புகாரே இல்லாத பந்துக்கும் எதிர்பார்த்த விலை வராமல் போகும். 2022-இல் ஏரன் ஜட்ஜ் அடித்த, அமெரிக்கன் லீக் சாதனையான 62-ஆவது ஹோம் ரன் பந்தைப் பிடித்தவரிடம் 30 லட்சம் டாலர் தருகிறோம் என்று வந்தார்கள். மறுத்தார். ஏலத்தில் கிடைத்தது 15 லட்சம்.

ஏல நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பெரிய கமிஷன், காப்பீடு, சேகரிப்புப் பொருளை விற்ற லாபத்துக்கு அமெரிக்க மத்திய அரசு 28 சதவீதம் வரை விதிக்கும் வரி எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் லாபத்தைப் பேச வேண்டும்.

நம்பிக்கை: ஆட்டத்தில் புழங்கிய பந்து என்றாலே அரிய பொருள்

மேஜர் லீக் பேஸ்பாலின் ஒரே ஆட்டத்தில் நூற்றுக்கு மேல் பந்துகள் செலவாகின்றன. தரையில் பட்டு அழுக்கானால் நடுவர் அதைத் தள்ளிவிட்டு வேறு எடுப்பார். அணிகள் இவற்றை ஸ்டேடியத்திலேயே கடை போட்டு விற்கின்றன. பொழுதுபோக்காகச் சேர்ப்பவருக்கு இது நல்ல செய்தி, முதலீட்டாளருக்கு அப்படியல்ல.

புதுப் பந்து வழுக்கும் என்பதால் ஆட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு பந்திலும் சேறு தேய்ப்பார்கள். டெலவேர் ஆற்றுப் பக்கம், நியூஜெர்சிக் கரையில் எடுக்கிற தனிச் சேறு அது. ஆகவே பந்து பழுப்பேறியிருந்தால் ஆட்டத்துக்குத் தயாரானது என்றுதான் பொருள். யாராவது அதை வீசினார்களா என்பது சேற்றுக்குத் தெரியாது. சட்டையிலும் இதே கூத்து உண்டு: வீரருக்காகத் தைத்துக் கொடுத்தது வேறு, அவர் போட்டுக்கொண்டு ஆடியது வேறு. விற்பவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

நம்பிக்கை: கையெழுத்து இருந்தால் போதும்

கையெழுத்து, வீரர் பேனா பிடித்தார் என்பதற்குச் சாட்சி; அதுவும் நிஜக் கையெழுத்தாக இருந்தால். 1990-களில் கள்ளக் கையெழுத்து ஒரு தொழிலாகவே வளர்ந்து, எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்று பெயர் வைத்துப் பிடிக்க வேண்டிவந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் 2001-இல் மேஜர் லீக் பேஸ்பால் தன் சொந்தச் சான்றளிப்பு முறையைக் கொண்டுவந்தது.

எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் ஒரு மரியாதை உண்டு. பணியிலுள்ள அல்லது ஓய்வுபெற்ற காவல்துறையினர் ஒவ்வொரு ஆட்டத்திலும் உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டத்தை விட்டு வெளியே வந்த பந்தை வாங்கி, எண் போட்ட ஹாலோகிராம் ஸ்டிக்கரை ஒட்டிப் பதிவு செய்வார்கள். பிய்த்து வேறு பந்தில் ஒட்ட முடியாது. எண்ணைக் கொண்டு தேடினால் அது எந்த ஆட்டத்துப் பந்து என்று தெரிந்துவிடும். கண்ணால் பார்க்காததற்கு ஸ்டிக்கர் இல்லை.

கூட்டத்துக்குள் பறந்துபோன பந்தை யார் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியும்? அதனால்தான் மக்குவயரும் ஜட்ஜும் சாதனையை நெருங்கியபோது, ரகசிய அடையாளமிட்ட பந்துகளையே அவர்களுக்கு வீச வைத்தார்கள்.

நம்பிக்கை: பிடித்தவனுக்கே பந்து

கிரிக்கெட்டில் சிக்ஸர் பந்தைப் பிடித்த ரசிகர் மைதானத்துக்குத் திருப்பி எறிந்துவிடுவார். பேஸ்பாலில் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். 1921-இல் நியூயார்க்கில் ஒரு ரசிகர் பந்தைத் தரமாட்டேன் என்று கூட்டத்துக்குள் எறிந்து, வெளியேற்றப்பட்டு, வழக்குப் போட்டு 100 டாலர் வாங்கினார். அது பழைய கதை.

சிக்கல் ‘பிடித்தவன்’ யார் என்பதில். பாண்ட்ஸின் 73-ஆவது பந்து ஒருவர் கையுறைக்குள் விழுந்தது. கூட்டம் மேலே பாய்ந்தது. கடைசியில் வேறொருவர் கையில் இருந்தது. 2002-இல் நீதிபதி, விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். 2024-இல் ஷோஹெய் ஒஹ்தானியின் ஐம்பதாவது ஹோம் ரன் பந்துக்கும் வழக்கு வந்தது. அது முடியுமுன்பே பந்து 43 லட்சத்து 92 ஆயிரம் டாலருக்குத் தைவான் முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்குப் போய்விட்டது.

நம்பிக்கை: பழமையும் தேய்மானமும் பொய் சொல்லாது

பேட்டில் பந்து பட்ட தடம், பந்தின் முத்திரை மை ஒட்டிய சுவடு, ஷூ ஆணி குத்திய வடு, பிடி வழுக்காமலிருக்கப் பைன் பிசின் பூசிய இடம் என்று எல்லாம் பார்ப்பார்கள். நல்ல பேட்டை வலைப்பயிற்சிக்குக் கொண்டுபோய் நாலு நாள் அடித்தால் பாதித் தடம் வந்துவிடும். ஆகவே எந்த நீளம், எந்த எடை, எந்த வருஷம் அனுப்பினோம் என்று லூயிவில் ஸ்லக்கர் தொழிற்சாலை எழுதி வைத்த பழைய குறிப்பேடுகளோடு ஒத்துப்பார்க்கிறார்கள்.

பாரி ஹால்பர் என்பவரின் சேகரிப்பு ஒரு காலத்தில் பேஸ்பால் உலகின் பொக்கிஷம் என்று பேசப்பட்டது. அதிலிருந்து கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் அருங்காட்சியகமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவற்றில் ஒன்று, பழைய வீரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சன் போட்டதாகச் சொல்லப்பட்ட சட்டை. சோதித்தபோது அதில் இருந்த பொருள் ஜாக்சன் காலத்தது அல்ல. அருங்காட்சியகத்தையே ஏமாற்ற முடிந்தது என்றால் நாம் எம்மாத்திரம்?

முதலில் சொன்ன ரூத் சட்டை இந்த இடத்தில்தான் பிழைத்தது. 1932-இன் புகைப்படங்களைப் பெரிதாக்கி, மார்பெழுத்து பித்தானிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, தையல் எங்கே வளைகிறது என்று வைத்துப் பார்த்தார்கள். கையால் தைத்த எழுத்து இரண்டு சட்டையில் ஒரே மாதிரி உட்காராது.

ரூத்தின் இன்னொரு சட்டைக்கு அந்த யோகம் இல்லை. டொன்ரஸ் என்ற கார்டு நிறுவனம் 2003-இல் அதைச் சுமார் 2 லட்சத்து 64 ஆயிரம் டாலருக்கு வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, கார்டுகளில் ஒட்டி விற்றது. ‘ஆளுக்கொரு துண்டு சரித்திரம்’ என்று நியாயம் சொல்லலாம். கோயில் தேரை உடைத்து ஆளுக்கொரு சக்கரத் துண்டு கொடுத்தது மாதிரிதான் எனக்குப் படுகிறது.

நம்பிக்கை: எல்லோரும் பணத்துக்காகத்தான் சேர்க்கிறார்கள்

1983 ஜூலை 24 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் ஜார்ஜ் பிரெட் ஒரு ஹோம் ரன் அடித்தார். பேட்டில் பைன் பிசின் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது என்று நடுவர்கள் அவரை அவுட் ஆக்க, பிரெட் வெறிகொண்டு ஓடிவந்தார். பின்னர் லீக் தலைவர் முடிவை மாற்றி ஹோம் ரன் செல்லும் என்றார். அந்த பேட்டை பிரெட் 25,000 டாலருக்கு விற்றார். வாங்கியவர் இதே ஹால்பர். கொஞ்ச நாளில் பிரெட்டுக்கு மனசு கேட்கவில்லை. அதே 25,000-ஐக் கொடுத்துத் திருப்பி வாங்கி, கூப்பர்ஸ்டவுனுக்குக் கொடுத்துவிட்டார்.