குடியை விட்ட பிறகு தொப்பை வந்துவிட்டதா? சாப்பாட்டைச் சரிசெய்யும் முறை



குடியை நிறுத்தி இரண்டு மூன்று மாதம் ஆனவர்கள் நம்மிடம் வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, குடிச்சிக்கிட்டு இருந்தப்ப உடம்பு கம்பி மாதிரி இருந்திச்சு. விட்ட பிறகு வயிறு முன்னுக்கு வந்திருச்சே, இது என்னா வருத்தம்?" சிலருக்கு இது கேள்வியோடு நிற்பதில்லை. லயத்தில் நாலு பேர் கேலி செய்கிறார்கள். பழைய கூட்டாளி ஒருவன், "பேசாம ஒரு கால் போடு மச்சான், உடம்பு தன்னால எறங்கிரும்" என்று யோசனையும் சொல்லிவிடுகிறான். கஷ்டப்பட்டு விட்ட குடி இந்த ஒரு பேச்சில் திரும்பி வந்துவிடக்கூடும். ஆகவே இந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தப் பாடம் குடியை ஏற்கனவே விட்டவர்களுக்கு. பல வருடமாகத் தினமும் நிறையக் குடிப்பவர் தானாகவே ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, வாந்தி வரலாம். சிலருக்கு வலிப்பு வரும், இல்லாத ஆளோடு பேசுவார்கள். இது பேய் பிடித்ததல்ல, உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நிறுத்த நினைப்பவர் முன்கூட்டியே டொக்டரிடம் சொன்னால் மருந்தோடு பத்திரமாக நிறுத்தலாம்.

இனி, குடிக்கிற காலத்தில் உடம்பு ஏன் மெலிந்திருந்தது? சாராயம் கொழுப்பைக் கரைத்ததால் அல்ல. ஒரு கிராம் மதுசாரத்தில் 7 கலோரி இருக்கிறது, ஒரு கிராம் சீனியில் 4 தான். நம் நாட்டுச் சாராயத்தில் பெரும்பாலும் 33 வீதத்துக்குச் சற்று மேல் மதுசாரம் உண்டு. அப்படியானால் 180 மில்லி லீற்றர் கால் போத்தலில் ஏறக்குறைய 330 கலோரி. (கசிப்பில் எவ்வளவு என்று காய்ச்சுகிறவனுக்கே தெரியாது.) ஆனால் அந்தக் கலோரியோடு புரதமும் இல்லை, விற்றமினும் இல்லை. குடித்தவர் இரவுச் சோறு தின்னாமல் படுத்தார், காலையில் குமட்டலோடு வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மலைக்குப் போனார். தசை கரைந்து தோள்பட்டை எலும்பு தெரிந்தது. அதைத்தான் "கம்பி மாதிரி" என்று நினைத்துக்கொண்டார்கள். அது பட்டினியின் மெலிவு.

குடியை விட்டதும் குமட்டல் போகிறது, பசி வருகிறது. இது நல்ல அடையாளம். 1973, 1974 பஞ்சத்தை அனுபவித்த நம் பெரியவர்களிடம் கேட்டால், பசித்துச் சாப்பிடுகிற மனுசனைப் பார்ப்பதே சந்தோசம் என்பார்கள். முதல் சில மாதத்தில் இரண்டு மூன்று கிலோ கூடினால் பயப்பட வேண்டியதில்லை. அதில் ஒரு பகுதி, இழந்த சதை திரும்பி வருவதுதான்.

ஆனால் வயிறு பெருத்ததெல்லாம் தொப்பை அல்ல. இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். கையும் காலும் மெலிந்தபடி இருக்க வயிறு மட்டும் பானை போல வீங்குகிறதா? கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கிறதா? கண் மஞ்சளாக இருக்கிறதா, மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா, இரத்த வாந்தி வந்ததா? இதில் ஒன்று இருந்தாலும் ஈரல் பழுதுபட்டிருக்கலாம், வயிற்றில் இருப்பது நீராக இருக்கலாம். கறுப்பு மலமும் இரத்த வாந்தியும் என்றால் விடியும்வரை பார்த்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும். இப்படிப்பட்டவர் மெலிய வேண்டும் என்று பட்டினி கிடக்கவே கூடாது. ஈரல் பழுதானவருக்கு நீண்ட நேரம் வெறும் வயிறு கெடுதல். படுக்கப் போகும்போதுகூட அவர் ஏதாவது கொஞ்சம் சாப்பிட வேண்டியிருக்கும். உப்பைக் குறைப்பது, மருந்து எல்லாம் டொக்டர் சொல்கிறபடி. பஸாரில் விற்கிற "ஈரல் சுத்தம் செய்யும்" தூள், "உடம்பு மெலியும்" குளிசை இரண்டையும் தொடாதீர்கள். ஏற்கனவே அடிபட்ட ஈரலுக்கு அது இன்னொரு அடி.

மற்றவர்களுக்கு உள்ளது சாதாரணத் தொப்பைதான். அது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தேத்தண்ணிக் கோப்பையில் இருந்து வருகிறது.

குடியை விட்டவருக்கு இனிப்பின் மேல் ஒரு ஆவல் வரும். பலருக்கும் வருவதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் சில வாரம் குடி ஆசை வரும் நேரத்தில் ஒரு டொபி, ஒரு இனிப்புத் தேத்தண்ணி கைகொடுக்குமானால் கொடுக்கட்டும். சாராயத்துக்குப் பக்கத்தில் டொபி சின்ன விஷயம். ஆனால் அது அப்படியே நிரந்தரமாகிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை எழும்பியதும் ஒன்று, பிரட்டுக்குப் போகுமுன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பகல், நாலு மணி, இருட்டியதும், இரவு, அக்கம்பக்கத்து வீட்டில் ஒன்று, ஆக 8 கோப்பை. கோப்பைக்கு 3 தேக்கரண்டி என்றால் 24 கரண்டி. ஒரு கரண்டி 5 கிராம் என்று வைத்தால் 120 கிராம் சீனி, 480 கலோரி. விட்ட கால் போத்தலில் இருந்ததைவிடக் கூட! வளர்ந்த ஒருவர் ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சீனி 6 தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொல்லியிருக்கிறது.

இதை ஒரே நாளில் வெட்டச் சொல்லவில்லை. வாரத்துக்குக் கோப்பைக்கு அரைக் கரண்டி குறையுங்கள். மூன்று இரண்டரையாகும், பிறகு இரண்டாகும். நாலு வாரத்தில் ஒரு கரண்டிக்கு வந்துவிடலாம். அதோடு கோப்பையின் எண்ணிக்கையும் குறைந்தால் 6 கரண்டிக்குள் வந்துவிடும். நாக்கு பழகிக்கொள்ளும். நம்ம தேயிலையின் உண்மையான ருசி அப்போதுதான் தெரியும், சீனிப் பாகில் என்ன தேயிலை தெரியும்? "சீனி போடல ஐயா, சக்கரைதான் கடிச்சிக்கிறேன்" என்பவர்களுக்கும் சொல்கிறேன், கருப்பட்டியும் சக்கரையும் சீனியின் அண்ணன் தம்பிமார்தான். சோடாவும் அப்படியே. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிப்பதையும் ஒரு மணித்தியாலம் தள்ளிவையுங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அது தடை.

அடுத்தது ரொட்டி. நம் ஆட்களுக்கு ரொட்டி இல்லாமல் மலை ஏற முடியாது, அதை நிறுத்தச் சொல்ல நான் யார்? ஆனால் 100 கிராம் கோதுமை மாவில் 350 கலோரி அளவு இருக்கிறது. மொத்தமான தோட்டத்து ரொட்டி ஒன்றுக்கு அவ்வளவு மா போய்விடும். மூன்று ரொட்டியும் கட்டச் சம்பலும் என்றால் வயிறு நிறையும், சத்து நிறையாது. இரண்டு ரொட்டியும் கெட்டியான பருப்புக் கறியும் கொஞ்சம் கீரைச் சுண்டலும் என்று மாற்றினால் பசி பத்து மணிக்கே எட்டிப் பார்க்காது. குரக்கன் மா கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்து சுடலாம். பகல் சோற்றுக்குச் சிவப்பரிசியோ புழுங்கல் அரிசியோ நல்லது. குடித்தவர்கள் உடம்பில் விற்றமின் பி1 மிகவும் குறைந்திருக்கும். அது அளவு மீறிக் குறைந்தால் நடை தள்ளாடும், மறதியும் தடுமாற்றமும் வரும். தீட்டிய வெள்ளைப் பச்சரிசியைவிட இந்த அரிசிகளில் பி1 கூட. பருப்பிலும் பயற்றிலும் உண்டு. டொக்டர் பி1 குளிசை தந்தால் "வெறும் விற்றமின்தானே" என்று வீசாமல் ஒழுங்காகப் போட வேண்டும்.

தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு, கால்வாசி பருப்பு, முட்டை, மீன், சொயா மீட் இதில் ஏதாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 இல் சாமான் விலை ஏறியதில் இருந்து இதெல்லாம் எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் வல்லாரை, பொன்னாங்காணி, பூசணி இலை, சௌசௌக் கொழுந்து எல்லாம் லயத்துக்குப் பின்னால் வளர்பவை. நெத்தலிக் கருவாட்டைச் சுடுதண்ணியில் ஊறவைத்து உப்பைப் போக்கிக் கறி வைக்கலாம். ஒரு கால் போத்தல் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று வீட்டுக்காரம்மா கணக்குப் பார்த்துச் சொல்லட்டும். ஒன்று மட்டும், கர்ப்பிணித் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கிற திரிபோஷாவில் அப்பாமார் கை வைக்கக் கூடாது!

குடி போனாலும் "பைட்ஸ்" போகாத வீடுகள் உண்டு. பொரித்த பருப்பு, மிக்சர், பொரித்த இறைச்சி, சாயங்காலமானால் கை தேடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. அதைவிட முக்கியம், அந்த ருசி வாயில் பட்டதும் மூளை கிளாஸைத் தேட ஆரம்பிக்கும். அதே ருசி, அதே நேரம், அதே கூட்டாளி எல்லாம் பழைய ஞாபகத்தை இழுத்து வரும். இதற்குப் பதில் அவித்த கடலை, கௌபி, கொய்யாக்காய்.

நேரம் என்று சொன்னேனே, அதுதான் இந்தப் பாடத்தில் பெரிய விஷயம். ஆண்களில் பலருக்குக் கவ்வாத்தும் கான் வெட்டும் பகலோடு முடிந்துவிடுகிறது. மூன்று மணியில் இருந்து இருட்டும்வரை சும்மா இருக்கிற நேரம், வயிறும் காலி. பசியையும் குடி ஆசையையும் பிரித்தறிவது புதிதாக விட்டவருக்குச் சிரமம். வயிற்றில் ஒரு வெறுமை, கையில் லேசான நடுக்கம், காரணமில்லாத கோபம், இது பசியாலும் வரும். ஆகவே மெலிய வேண்டும் என்று ஒரு வேளையை வெட்டுகிறவர் தனக்குத் தானே குழி வெட்டுகிறார். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நாலு மணிக்கு ஒரு பிடி கடலையாவது வாயில் போட வேண்டும். ஆசை எழும்பினால் முதலில் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், அரை மணித்தியாலம் மரக்கறித் தோட்டத்தில் மண்ணைக் கொத்துங்கள். பெரும்பாலும் அதற்குள் ஆசை தணிந்துவிடும். தணியாவிட்டால் தனியாக இருக்காமல் ஒருவரிடம் பேசுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் எடுத்துப் பேசலாம்.

முதல் மூன்று மாதம் நிறையைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். குடி இல்லாத நாள் ஒன்றோடொன்று சேரட்டும். அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தரம் டிஸ்பென்சரித் தராசில் ஏறினால் போதும். மாதத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு கிலோ குறைவது நல்ல வேகம். தராசைவிடத் தையல்காரர் நாடா நன்றாகச் சொல்லும். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்றிமீற்றருக்குள்ளும், பெண்களுக்கு 80க்குள்ளும் இருக்க வேண்டும். பெண்களில் குடியை விட்டவர்கள் இல்லையா என்ன? அவர்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. "குடிச்சப்ப காச அழிச்சீங்க, இப்ப தின்னே அழிக்கிறீங்க" என்று விளையாட்டாகக்கூடச் சொல்லாதீர்கள். அவருக்கு மட்டும் தனிச் சமையலும் வேண்டாம். சீனி குறைந்த தேத்தண்ணியும் கீரையும் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் நல்லதுதானே. தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் சொந்தக்காரர் போத்தலோடு வந்தால், "வீட்ல இப்ப இது இல்லீங்க மாமா, சாப்பிட வாங்க" என்று வீட்டுக்காரம்மாவே வாசலில் சொல்லிவிடுவது நல்லது. விட்டவரே நின்று மறுக்கும்படி விடாதீர்கள்.

சீனி வருத்தத்துக்கோ பிரஷருக்கோ ஏற்கனவே மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டை மாற்றுமுன் கிளினிக்கில் சொல்லுங்கள். குடியை நிறுத்திச் சீனியையும் குறைத்த பிறகு பழைய அளவு மருந்து கூடிப்போய் மயக்கம் வரலாம். நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோய், குடியை விட்டு எத்தனை மாதம் என்பதையும் டொக்டரிடம் மறைக்காமல் சொன்னால் அவர் அளவைப் பார்த்து மாற்றித் தருவார்.