டே லில்லி வாங்க நம்பகமான நர்சரி எது?

கேள்வி: நான் ஓமந்தூரில் இருக்கிறேன். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டுத் தோட்டம்தான் எனக்குப் பொழுதுபோக்கு. பெங்களூரில் நாத்தனார் வீட்டு வாசலில் டே லில்லி தூர் தூராகப் பூத்து நின்றதைப் பார்த்ததிலிருந்து அதன்மேல் ஆசை. புதுச்சேரி ரோட்டில் ஒரு நர்சரியில் கேட்டேன். "லில்லிதானே, இருக்கு" என்று சின்ன வெங்காயம் மாதிரி ஒரு பை கிழங்கு கொடுத்தார்கள். மழை பெய்ததும் குட்டையாக ரோஸ் நிறத்தில் பூத்தது. இது டே லில்லி இல்லை என்று நாத்தனார் சிரிக்கிறார். பிறகு ஆன்லைனில் பல நிறம் கலந்த விதை என்று வாங்கினேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. நம்பி வாங்க எங்கள் பக்கத்தில் நர்சரி உண்டா? வெளியூரிலிருந்துதான் வரவழைக்க வேண்டுமா? நீல நிறம் கிடைக்குமா?
— ஒரு வாசகி, ஓமந்தூர்

பதில்: அம்மா, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். நீல நிற டே லில்லி உலகத்தில் எங்கும் இல்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய நூறு வருடமாக இனக்கலப்பு செய்துவருகிறார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரகங்கள் பதிவாகியிருக்கின்றன. வெளிர் ஊதா வந்திருக்கிறது, பூவின் நடுவில் நீலச் சாயல் அடிக்கும் வளையம்கூட வந்திருக்கிறது, முழு நீலம் மட்டும் வரவில்லை. ஆகவே நீலப் பூ படம் போட்டு விற்கும் கடையை அந்தப் படத்தைப் பார்த்ததுமே தள்ளிவிடலாம். அந்தக் கடையின் மற்ற நிறங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விதையும் அப்படித்தான். டே லில்லி விதையைப் போட்டால் தாய்ச்செடியின் பூ அப்படியே வராது. அதனால் பெயருள்ள ரகங்களைத் தூர் பிரித்து வைத்தே பெருக்குகிறார்கள். உங்கள் விதை முளைத்திருந்தாலும் பூப்பதற்கு ஒன்றிரண்டு வருடம் பிடித்திருக்கும். என்ன நிறம் என்று தெரிவதற்குள் விற்றவர் வேறு பெயரில் வேறு கடை திறந்திருப்பார்.

ரோட்டோர நர்சரிக்காரர் உங்களை ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குக் கிடைத்தது மழை லில்லி. நம் பக்கத்து நர்சரிகளில் அதுவும் லில்லி, வெள்ளையாக நீண்ட இதழ் விரிக்கும் ஸ்பைடர் லில்லியும் லில்லி, மே மாதத்தில் சிவப்புப் பந்தாகப் பூக்கும் ஃபுட்பால் லில்லியும் லில்லி, அமரில்லிஸும் லில்லி. இவை அத்தனைக்கும் அடியில் குமிழ்க்கிழங்கு இருக்கும். டே லில்லிக்குக் கிடையாது. அதன் வேர்கள் சதைப்பற்றோடு, ஆங்காங்கே தண்ணீர்விட்டான் கிழங்கு மாதிரி திரண்டு கொத்தாகத் தொங்கும். மேலே இலைகள் இரு பக்கமும் வரிசையாக விரிந்து தட்டையாக நிற்கும். உருண்டைக் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு டே லில்லி என்று யார் சொன்னாலும் வாங்க வேண்டாம்.

இதில் இன்னொரு காரியமும் இருக்கிறது. சீனாவில் டே லில்லி மொட்டைக் காயவைத்து சூப்பில் போடுகிறார்கள். அதை வீடியோவில் பார்த்துவிட்டு, லில்லி என்று வாங்கிய எதையாவது அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். மழை லில்லியும் ஸ்பைடர் லில்லியும் நஞ்சு. வீட்டில் பூனை இருந்தால் டே லில்லி ஆசையையே விட்டுவிடுங்கள். இலையையோ பூவையோ கடித்தால் பூனைக்குச் சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

இனி நர்சரிக்கு வருவோம். எந்த நர்சரி நல்லது என்று கேட்கிறீர்கள். கடையின் பெயரைவிட, கடைக்காரர் உங்களுக்கு எதைக் காட்டுகிறார் என்பதையே நான் பார்ப்பேன். "இது எங்கேயிருந்து வந்தது? எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கு? தாய்ச்செடியைக் காட்டுறீங்களா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். தாய்ச்செடியைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது. காட்டவில்லை என்றால் அவர் வளர்ப்பவர் அல்ல, வாங்கி விற்பவர். வாங்கி விற்பது குற்றமில்லை. நம் நர்சரிகளில் நிற்கும் அலங்காரச் செடிகளில் நிறைய, ஆந்திராவில் ராஜமுந்திரியை ஒட்டிய கடியம் பகுதியிலிருந்து லாரியில் வருகின்றன. ஆனால் அப்படி வரும் செடியின் ரகப் பெயர் பெரும்பாலும் வழியிலேயே தொலைந்துவிடுகிறது. மண்ணும் கெட்டிக் களியாக இருக்கும். வாங்கி வந்ததும் அந்த மண்ணை நீரில் ஊறவைத்துக் கழுவிவிட்டு நடுவது நல்லது.

தமிழ்நாட்டில் நாற்று விற்கும் நர்சரிகள் விதைக் கட்டுப்பாட்டு ஆணை 1983-இன்படி விதை விற்பனை உரிமம் எடுத்திருக்க வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள், பெயர் எழுதிய பில்லும் கேளுங்கள். உரிமம் இருந்தால் பூ சொன்ன நிறத்தில் வரும் என்று அர்த்தமில்லை. ஆள் நாளைக்கும் அதே இடத்தில் இருப்பார், தட்டிக் கேட்கலாம், அவ்வளவுதான். ஆன்லைனில் ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. உங்கள் விதைப் பாக்கெட்டின் ரசீது இருந்தால் இப்போதே அழைக்கலாம்.

அடுத்ததைப் பலர் கவனிப்பதில்லை, பணம் வீணாவதும் இதில்தான். டே லில்லியில் இலைப் பழக்கம் ரகத்துக்கு ரகம் மாறும். குளிர்காலத்தில் இலை காய்ந்து மண்ணுக்குள் உறங்கிவிடுபவை உண்டு, வருடம் முழுவதும் பச்சையாக நிற்பவை உண்டு, இரண்டுக்கும் நடுவில் சில உண்டு. உறங்கும் வகைக்கு நல்ல குளிர் வேண்டும். திண்டிவனம் பக்கத்து மார்கழிக் குளிர் அதற்குப் போதாது. அந்த வகை இங்கே வந்தால் ஓரிரு வருடம் இருந்துவிட்டு மெலிந்து மறைந்துவிடும். உலகத்திலேயே அதிகம் பேசப்படும் ரகம் 'ஸ்டெல்லா டி ஓரோ'. 1975-இல் பதிவானது, குட்டையான மஞ்சள், திரும்பத் திரும்பப் பூக்கும், பரிசும் வாங்கியது. ஆனால் அது உறங்கும் வகை. உங்களுக்கு வேண்டாம். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இதே காரணத்தால் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பூத்திருப்பதைப் பார்த்து அங்கேயே வாங்கிவருவதும் சூதாட்டம்தான். 2,000 மீட்டருக்கு மேல் குளிரில் வளர்ந்த செடி ஓமந்தூர் வெயிலில் எப்படி நடக்கும் என்று விற்பவரால் சொல்ல முடியாது. இமயமலைப் பக்கம் காலிம்பாங்கிலிருந்து தபாலில் டே லில்லி அனுப்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். ரகப் பெயர் சொல்லி விற்பவர் என்றால் அமெரிக்க டே லில்லி சங்கத்தின் ரகப் பட்டியலில் தேடுங்கள், இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அந்தப் பெயரில் ரகம் இருக்கிறதா, பூ படத்தோடு ஒத்துப்போகிறதா, இலை எந்த வகை என்று தெரிந்துவிடும். பெயரே பட்டியலில் இல்லை என்றால் விற்பவர் தானே வைத்த பெயராக இருக்கலாம். அப்படிப்பட்ட பெயருக்குத் தனிக் காசு கொடுக்காதீர்கள்.

அப்படியானால் எங்கே வாங்குவது? என் தீர்ப்பு உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம்: உங்கள் நாத்தனார் வீட்டில். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உறைபனி கிடையாது. அங்கே வருடா வருடம் பூத்துத் தூர் கட்டுகிற செடி உங்கள் ஊரிலும் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. நிறத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள், காசும் இல்லை. பூ ஓய்ந்ததும் தூரைத் தோண்டி, வேரும் குருத்தும் சேர்ந்தாற்போல இரண்டு மூன்று பக்கக்கன்றுகள் உள்ள துண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். சில செடிகளில் பூத்தண்டிலேயே குட்டிக் கன்று முளைக்கும். அதுவும் அச்சாகத் தாய்ச்செடிதான்.

அவர் தர மனமில்லை என்றால் (நாத்தனார் விஷயத்தில் நான் தலையிட மாட்டேன்) பெங்களூர் போகும்போது லால்பாக்கையும் அதை ஒட்டிய சித்தாபுரா நர்சரிகளையும் ஒரு சுற்று பாருங்கள். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் லால்பாக்கில் நடக்கும் மலர்க் கண்காட்சி சமயத்தில் செடிக் கடைகள் நிறைய இருக்கும். நம் பக்கத்தில் புதுச்சேரி வேளாண் துறை நடத்தும் மலர், காய், கனிக் கண்காட்சிக்குப் போகலாம். அங்கே செடி வாங்குவதைவிட, செடி வளர்க்கும் ஆட்களைப் பிடிப்பது முக்கியம். பரிசுக்குத் தொட்டி வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். புதுச்சேரியில் உங்கள் வெயிலிலேயே டே லில்லி வளர்ப்பவர் ஒருவர் கிடைத்தால் அவர் தோட்டத்துக்கு முன் எந்த நர்சரியும் நிற்காது. ஆரோவில் பக்கத்தில் நல்ல நர்சரிகள் உண்டு. ஆனால் அங்கே பேர்பெற்றது நம் கடற்கரைக் காட்டு மரக்கன்றுகள், இதற்கு அலைய வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றால் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. உறவினர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவது சட்டப்படி தப்பு. அதைவிட முக்கியமானது நோய்: டே லில்லியைத் தாக்கும் துரு நோய் 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவுக்குள் நுழைந்ததே இறக்குமதிச் செடிகள் வழியாகத்தான் என்கிறார்கள். எந்த நர்சரியில் வாங்கினாலும் இலையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் அந்தச் செடியையும் பக்கத்தில் நிற்பதையும் எடுக்காதீர்கள். வேர் சதைப்பற்றோடு திரண்டிருப்பது இயல்பு; அது போக வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தால் நூற்புழுவாக இருக்கும், அதுவும் வேண்டாம்.

கூரியரில் வருவதற்குப் பயப்படத் தேவையில்லை. மண் கழுவி, இலையை அரையடிக்கு நறுக்கி, செய்தித்தாளில் சுற்றி அனுப்பினால் ஒரு வாரம் தாங்கும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பினால் அழுகித்தான் வரும். மண்ணில்லாமல் வருகிறதே என்று சண்டை போடாதீர்கள், அப்படி அனுப்புகிறவர்தான் வேலை தெரிந்தவர். சித்திரை, வைகாசியில் மட்டும் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

நடுவதற்கு உங்கள் ஊரில் தை, மாசி நல்லது. வெயில் ஏறுவதற்குள் வேர் பிடித்துவிடும். ஐப்பசிக்கு முன் நட்டால் மேட்டுப்பாத்தி கட்டாயம். 2024 ஃபெஞ்சல் புயலில் உங்களுக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியதே, அப்படித் தண்ணீர் நின்றால் வேரும் இலையும் சேரும் கழுத்து அழுகிச் செடி போய்விடும். கழுத்து ஓர் அங்குலத்துக்கு மேல் மண்ணுக்குள் போகக் கூடாது. காலை வெயில் நன்றாகவும் பிற்பகலில் கொஞ்சம் நிழலும் கிடைக்கும் இடமாகப் பாருங்கள்.

முதல் தடவையே விலையுயர்ந்த ரகத்தில் இறங்காமல், பெயர் தெரியாவிட்டாலும் இங்கே பூத்துக் காட்டிய ஆரஞ்சு அல்லது மஞ்சள் செடி இரண்டு வாங்குங்கள். யாரிடம் வாங்குவதானாலும் பணம் கட்டுவதற்கு முன் இலையும் வேரும் தெரிகிற மாதிரி ஒரு படம் கேட்டு வாங்கி இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். டே லில்லியா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறேன்.