காயாத குச்சி

"குச்சி முடிஞ்சுதாடா?"

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அம்மாவின் முதல் கேள்வி இதுதான்.

"இன்னும் காயுதும்மா."

"ஒரு வருஷமாவா? புளிய விறகே ஒரு மழைக்கும் மறு மழைக்கும் நடுவுல காஞ்சிடுமே!"

அம்மா கேட்பது நியாயம்தான். நான் இருப்பது அமெரிக்காவின் ஒஹாயோவில். கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு லேத் நிற்கிறது. பூல் என்ற மேசைப் பந்தாட்டம் ஆடும் குச்சியான கியூவை நானே கடைந்து செய்யப் பழகி ஆறு வருடமாகிறது. 58 அங்குல நீளம், 19 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 540 கிராம். நடுவில் திருகிப் பூட்டும் இரண்டு துண்டுகள்: முன்பாதி தண்டு, பின்பாதி கைப்பிடி. பார்வைக்கு எளிமையான சாமான். கடையில் வாங்கினால் நான் செலவழித்ததில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. அந்தக் கணக்கை வீட்டில் யாரிடமும் காட்டுவதில்லை.

முதல் தண்டை ஒரே வார இறுதியில் முடித்தேன். ஓர் அங்குலச் சதுரம், 30 அங்குல நீளமுள்ள மேப்பிள் கட்டை. சனிக்கிழமை காலை லேத்தில் ஏற்றி, ஞாயிறு மாலைக்குள் நுனி 13 மில்லிமீட்டராகும்வரை இறக்கிவிட்டேன். மேசையில் உருட்டினால் நூல் பிடித்தாற்போல் ஓடியது. புதன்கிழமை மறுபடி உருட்டினேன். நுனி தவளைபோல் தத்தியது.

மரத்துக்குள் ஒரு பக்கத்து நார் மறு பக்கத்தை இழுத்துப் பிடித்திருக்கும். மேல்தோலைச் சீவியதும் அந்தப் பிடி தளர்ந்து, மரம் தன் இஷ்டத்துக்கு வளையும். புதிதாகத் திறந்த பரப்பு காற்றின் ஈரத்தையும் குடிக்கும். இதைத் தடுக்க முடியாது. வளையவிட்டு, வளைந்ததைச் சீவ வேண்டும். கட்டையை முதலில் தடித்த உருளையாகக் கடைந்து தொங்கவிடுங்கள். ஓரிரு மாதம் கழித்து எடுத்தால் கொஞ்சம் கோணியிருக்கும். அரை மில்லிமீட்டர் சீவினால் நேராகும். மறுபடி தொங்கவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கோட்டம் குறையும். நான் எட்டு வெட்டில், பதினான்கு மாதத்தில் முடிக்கிறேன். ஒஹாயோவில் ஜனவரியில் ஹீட்டர் வீட்டுக் காற்றை உலர்த்திவிடும், ஜூலையில் சட்டை உடம்போடு ஒட்டும். தண்டு இந்த இரண்டு பருவத்தையும் ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. தொங்கவிடுவதென்றால் தொங்கவிடுவதுதான், சுவரில் சாய்த்தால் சாய்ந்த வாக்கிலேயே வளைந்து நிற்கும்.

கட்டை வாங்கும்போது ரேகை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தப்பாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். பாதி வழியில் பக்கவாட்டில் வெளியேறும் ரேகை என்றாவது ஒருநாள் உங்களை ஏமாற்றும். நான் பத்து கட்டை வாங்கினால் மூன்றுதான் தண்டாகின்றன. மற்றவை தோட்டத்தில் தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுக்கின்றன. பக்கத்து வீட்டார் இவ்வளவு வழவழப்பான முட்டுக்குச்சியை எங்கே வாங்கினாய் என்று விசாரித்தார்.

உளியால் கடைய ஆசைப்படாதீர்கள். இவ்வளவு மெல்லிய நீளத் தண்டு உளி பட்டதும் நடுவில் விலகித் துடிக்கும். தண்டு மெதுவாகச் சுழல, வேகமாகச் சுற்றும் ரூட்டர் கத்தி, வழிகாட்டும் சரிவுப் பலகையைத் தொட்டபடி நீளவாக்கில் நகர்ந்து சீவ வேண்டும்.

எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து செய்தால்தான் கௌரவம் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. அதைக் கலைத்தவர் ஜார்ஜ் பலபுஷ்கா. ரஷ்யாவிலிருந்து வந்து நியூயார்க்கில் மரவேலை செய்தவர். 1959-இல் கியூ செய்யத் தொடங்கி 1975-இல் இறந்தார். இன்றும் அவர் பெயருக்கு அப்படியொரு மதிப்பு. 1986-இல் வந்த 'தி கலர் ஆஃப் மணி' படக் கதையில் அவர் கியூவை ஒரு பொக்கிஷம்போலக் கைமாற்றுவார்கள். அப்பேர்ப்பட்டவரே பல கியூக்களுக்கு பிரன்ஸ்விக் நிறுவனத்தின் 'டைட்லிஸ்ட்' கட்டைகளைத்தான் வாங்கிக் கடைந்தார்.

எனவே முதல் வேலையாக, பூல் கூடத்துச் சுவரில் தொங்கும் ஒற்றைத் துண்டுக் கியூ ஒன்றை வாங்கி, நடுவில் அறுத்து, திருகு வைத்துப் பாருங்கள். இதற்கு 'ஸ்னீக்கி பீட்' என்று பெயர். சாதாரணக் குச்சிபோலத் தெரிவதால் பந்தயக்காரர்களுக்குப் பிடித்தது. இதில் கற்பது இணைப்பு வேலை, அது போதும். துரப்பணம் ரேகையைப் பின்பற்றி ஓரமாக ஓடிவிடும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு பாதியும் தனித்தனியே நேர், பூட்டினால் முழங்கை! துளையைச் சற்றுச் சிறியதாகப் போட்டு, பிறகு ஒற்றை முனைக் கத்தியால் உள்ளே கடைந்து மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். மேப்பிளிலேயே மரை வெட்டுவதானால், மரையில் நீர்த்த சூப்பர் க்ளூ ஊற்றி இறுகவிட்டு மறுபடி வெட்டுங்கள்.

இரண்டாவது கியூ பந்தைத் தொட்டதும் வண்டுபோல் ரீங்கரித்தது. இணைப்பைச் சந்தேகித்தேன், பசையைச் சந்தேகித்தேன், ஒரு மாதம் தூக்கம் கெட்டது. கடைசியில் பார்த்தால் அடியில் எடைக்காக வைத்த போல்ட் முழுதாக முறுக்கப்படவில்லை. சத்தம் கேட்டால் முதலில் அங்கே கை வையுங்கள்.

கைப்பிடிப் பக்கத்துக்கு கோகோபோலோ என்ற மத்திய அமெரிக்க மரம் வாங்கினேன். செம்மஞ்சள் நிறம், கண்ணைப் பறிக்கும். முகமூடி போட்டேன், சட்டைக் கையை இறக்கிவிடவில்லை. மறுநாள் கையிலும் கழுத்திலும் தடிப்புத் தடிப்பாக அரிப்பு, பத்து நாள். அந்த மரத்தூளின் குணமே அதுதான், ஒருமுறை ஒவ்வாமை வந்தால் அடுத்த முறை இன்னும் மோசமாகும் என்றார் டாக்டர். மிச்சத்தை நண்பருக்குக் கொடுத்துவிட்டு ரோஸ்வுட்டுக்கு மாறினேன். பார்சலில் தாவரப் பெயரைப் படித்தபோதுதான் உறைத்தது: நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்! தாத்தா வீட்டுக் கட்டிலின் மரத்தை டாலரில், அங்குலக் கணக்கில் வாங்கியிருக்கிறேன்.

தண்டு நுனியில் பந்தைத் தொடும் டிப்பை ஒட்டுவது எளிது. அதில்தான் கை பழக வேண்டும், நண்பர்களின் பழைய கியூக்கள் இருக்கவே இருக்கின்றன. தோல் டிப்பைப் பாலில் ஊறவைத்து, அழுத்திக் காயவைத்துக் கெட்டியாக்குகிறவர்களும் இங்கே உண்டு. நான் செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கராஜில் மூன்று நாள் பூனை சுற்றியது.

இப்போது ஆறு தண்டுகள் கொக்கியில் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலில் கடைசி வெட்டின் தேதி. நேற்று இரண்டை உருட்டிப் பார்த்தேன். ஒன்று நேர். இன்னொன்று லேசாகத் தத்தியது. திருப்பித் தொங்கவிட்டேன். அம்மாவிடம் இந்த ஞாயிறும் அதே பதில்தான்.