மடிக்கணினி விசிறியும் ‘வெப்பம்’ பாடமும்

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளை இன்று பல வீடுகளில் தம்பி, தங்கைகள் பயன்படுத்துகிறார்கள். நாகர்கோவிலை அடுத்த எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “அக்காவுக்குக் கெடச்ச லேப்டாப் அரைமணி நேரத்துல அணைஞ்சு போவுது சாரே. ஃபேன் ஒரே இரைச்சல். ஆக்கர் கடையில போட்டுரலாம்னு அப்பா சொல்லுதாவ” என்றாள். விசிறி கெட்டிருக்கும் என்று நானும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அதை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். மேசையில் வைத்ததும் இரண்டு பாடவேளை அணையாமல் ஓடியது. வீட்டில் எங்கே வைப்பாய் என்று கேட்டேன். “மெத்தையில சாரே” என்றாள். கணினியின் அடியில் உள்ள காற்றுத் துளைகளை மெத்தை அடைத்திருக்கிறது. விசிறி கெடவில்லை, காற்று கிடைக்காமல் முழு வேகத்தில் சுற்றியிருக்கிறது. தவறு என் கணிப்பில்தான். அதையே அன்றைய பாடமாக்கினேன்.

செயலியில் உண்டாகும் வெப்பம் செம்புக் குழாய் வழியே மெல்லிய உலோகத் தகடுகளுக்குச் செல்கிறது. குழாய்க்குள் உள்ள சிறிதளவு திரவம் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் திரவமாகிறது. மரச்சீனி அவிக்கும் பானையின் மூடியில் நீர் துளிர்ப்பதும் இப்படித்தான். தகடுகளின் வெப்பத்தை விசிறி ஊதி வெளியேற்றுகிறது.

விசிறியின் வேகத்தை முடிவு செய்வது யார்? செயலிக்குள் உள்ள உணரி வெப்பநிலையை அளக்கிறது. கட்டுப்பாட்டுச் சில்லு அதைப் படித்து விசிறிக்குக் கட்டளை தருகிறது. பொதுவாக, நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்துடிப்புகள் விட்டுவிட்டு அனுப்பப்படுகின்றன. துடிப்பு நீளும் அளவுக்கு வேகம் கூடும். 60 டிகிரியில் சுற்றத் தொடங்கும் விசிறி 59-இல் நின்றால், நொடிக்கொருமுறை நின்று நின்று ஓடும். அதனால் 50 டிகிரிக்கு இறங்கிய பிறகே நிற்குமாறு இடைவெளி வைப்பார்கள். அப்படியும் சூடு தணியாவிட்டால் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல செயலிகளில் இந்த எல்லை 100 டிகிரியை ஒட்டியது. அதையும் மீறினால் கணினி தானே அணைந்துவிடும். அந்த மாணவியின் வீட்டில் நடந்தது பழுதல்ல, பாதுகாப்பு.

செயல்பாடு: மடிக்கணினியின் நான்கு மூலைகளிலும் அழிப்பான்களை வைத்து உயர்த்தி, ஒரே காணொலியைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். வெளியேறும் காற்றின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலைமானியால் அளந்து, மாணவர்கள் வரைபடம் வரையட்டும். கணினி ஆறியபின், மடித்த துணிமேல் வைத்து ஐந்து நிமிடம் மட்டும் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். விசிறியின் ஒலி மாறுவதையும் குறிக்கட்டும். கடத்தலும் சலனமும் ஒரே கருவியில் விளங்கும்.

மாணவியின் கணினி இப்போது இரண்டு மரச்சட்டங்களின்மேல் ஓடுகிறது. ஆக்கர் கடைக்குப் போகவில்லை. பழுது என்று யாரேனும் கொண்டுவந்தால், அதை எங்கே வைத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று முதலில் கேட்போம்.