சில்லுக்குச் சோடி பார்த்துப் பூட்டுவோம்



சின்ன உழவு இயந்திரத்தின் ரயர் தேய்ந்து, அதே அளவில் வேறு கிடைக்காவிட்டால் கிடைத்ததைப் பூட்டி ஓடுவது எங்கள் பக்கத்தில் பழகிப்போன விசயம். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது குடாநாட்டுக்கு உதிரிப்பாகம் வருவதே அரிது. மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்தில் ரயருக்குச் சோடி பார்க்க யாருக்கு முடிந்தது? பிறகு 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தம், 2022இல் டொலர் தட்டுப்பாடு. "உது ஓடும், பயப்பிடாதையுங்கோ" என்று நெல்லியடிச் சந்தியில் இன்றைக்கும் யாராவது சொல்லுவார்கள். ஓடும்தான். எவ்வளவு காலம் ஓடும் என்பதுதான் கேள்வி. கியர் உடைந்தால் உழவு நிற்கும், அதை நம்பியிருப்பவரின் நாட்கூலியும் நிற்கும்.

ரயரின் பக்கத்தில் 8-18 என்று எழுதியிருந்தால் அகலம் 8 அங்குலம், றிம்மின் விட்டம் 18 அங்குலம். அகலம் கொஞ்சம் கூடிக் குறையலாம். றிம் அளவு அரை அங்குலம் கூட மாறக்கூடாது. 16 அங்குல ரயரை 16.5 றிம்மில் ஏற்றிக் காற்றடித்தால் ரயரின் ஓரக்கம்பி அறுந்து வெடிக்கும். ஆளைக் கொல்லக்கூடிய வெடி அது.

இலக்கம் ஒன்றாக இருந்தாலே போதும் என்று நினைப்பதும் பிழை. புது ரயருக்கும் தேய்ந்த ரயருக்கும் ரப்பர்க் கட்டையின் உயரத்தில் ஒரு அங்குலம் வித்தியாசம் இருந்தால், ஒரு சுற்றில் ஓடும் தூரம் ஏறக்குறைய 16 சென்ரிமீற்றர் மாறும். ஒரு சுற்றுக்கு 3 மீற்றர் ஓடும் சில்லுக்கு இது 5 வீதம். ஆகவே நிலத்தில் அளந்து பாருங்கள். காற்றைச் சரியாக அடித்து, சில்லிலும் நிலத்திலும் சோக்கால் அடையாளம் போட்டு, நேராக ஒரு சுற்று உருட்டி நாடா பிடித்தால் போதும்.

ஒரே அச்சில் இடமும் வலமும் சிறிது மாறினால் டிபரென்சல் அதைச் சமாளிக்கும். ஆனால் ஓய்வில்லாமல் அதுவே வேலையாக இருந்தால் அதுவும் தேயும். டிபரென்சல் லொக்கைப் போட்டால் இரண்டு சில்லும் ஒரே சுற்றுத்தான் சுற்றும். அளவு மாறிய சோடியில் ஒன்று சறுக்கியே ஆக வேண்டும். இரண்டு சில்லு லான்ட்மாஸ்டரில் பெரும்பாலும் டிபரென்சலே இல்லை. அதனால் சின்னச் சில்லின் பக்கம் இழுத்துக்கொண்டே போகும். கரவெட்டி வயலில் ஒரு நாள் முழுக்க அதைப் பிடித்து உழுதவரின் தோளைக் கேட்டுப் பாருங்கள். இரும்புச் சில்லு பூட்டினாலும் இதே கதைதான்.

பெரிய ஆபத்து நாலு சில்லும் இழுக்கிற இயந்திரத்தில்தான். முன்னச்சும் பின்னச்சும் மாறாத கியர் விகிதத்தில் கட்டுண்டவை. முன் சில்லு பின்னதைவிட 1 முதல் 5 வீதம் வரை முந்தி ஓடும்படி செய்திருப்பார்கள். முன்னுக்குத் தேய்ந்ததை விட்டுவிட்டுப் பின்னுக்கு மட்டும் புதுச் சோடி போட்டால் இந்த முந்தல் இல்லாமல் போகும். அப்போது முன் சில்லு இழுப்பதற்குப் பதில் பிரேக் பிடிக்கும். அந்த இறுக்கம் எல்லாம் கியரிலும் சாவ்ற்றிலும் போய்ச் சேரும்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மண் தரையில் முன் இழுவையைப் போட்டு, பின் சில்லு 10 சுற்றுச் சுற்றும்போது முன் சில்லு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். பிறகு முன் இழுவையைக் கழற்றி மறுபடி எண்ணுங்கள். முதலில் 17, பிறகு 16.5 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.5, அதை 16.5ஆல் பிரித்தால் 3 வீதம். நல்ல சோடி. இரண்டாவது எண்ணிக்கை கூடினால் சோடி பிழை. சரியான ரயர் கிடைக்கும் வரைக்கும் முன் இழுவையைப் போடாமல் ஓடுங்கள். வேலை கொஞ்சம் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை என்பதே எங்கள் அபிப்பிராயம். சோடி சரியாக இருந்தாலும் தார் வீதியில் முன் இழுவை வேண்டாம்.

பூட்டும்போது ரயரின் அம்புக்குறி முன்னோக்கிச் சுற்றும் பக்கம் இருக்கட்டும். பின்னால் நின்று பார்த்தால் கட்டைகள் கூரை முகடு போல மேல்நோக்கிக் கூம்பி நிற்கும். ஓரம் றிம்மில் உட்காருவதற்கு 35 இறாத்தலுக்கு மேல் காற்று அடிக்க வேண்டாம். உட்காராவிட்டால் காற்றை இறக்கி, சவர்க்காரத் தண்ணீர் பூசி, முதலில் இருந்து தொடங்குங்கள். குழாயை நீளமாக எடுத்து, ரயருக்கு நேரே நிற்காமல் விலகி நின்று அடியுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வேறு இயந்திரத்தின் றிம் என்றால் போல்ற் ஓட்டைகள் தட்டாமல் பொருந்த வேண்டும், நட்டின் கூம்பும் ஓட்டையின் கூம்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் ஓடியதும் நிறுத்தி நட்டுகளை எதிரெதிராக மறுபடி இறுக்குங்கள், அடுத்த நாள் காலையிலும் ஒருதரம்.